ரப்பர் பட்டைக்குக் கண்ணிகள் எதற்கு? 1/35 அளவில் இரண்டு ட்ராக் பெட்டிகள்

முன்னால் சக்கரமும் பின்னால் ட்ராக்கும் (உருளைகளைச் சுற்றி ஓடும் பட்டை அல்லது சங்கிலி) கொண்ட ஹாஃப்-ட்ராக் கவச வண்டிகளை 1/35 அளவில், அதாவது முப்பத்தைந்தில் ஒரு பங்கு மாதிரிகளாக, செய்து பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். மாதிரியின் பாகங்கள் அடங்கிய கிட்டோடு வரும் ட்ராக்கைப் பார்த்தவுடன் முகம் சுளித்து, அதை ஒதுக்கிவைத்துவிட்டு, வெளியிலிருந்து தனியாக ட்ராக் வாங்கிப் பூட்டுவதுதான் அது. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அதன் விளைவாக, முப்பரிமாண அச்சில் ட்ராக்குகளை மட்டுமே செய்து விற்கும் ஐரோப்பியச் சிறு பட்டறை ஒன்றிலிருந்து இரண்டு பெட்டிகளை வரவழைத்தேன். ஒன்று போலந்தின் வ்ஸூர் 28 கவச வண்டிக்கானது. மற்றது ஜெர்மனியின் எஸ்.டி.கே.எஃப்.இசட். 251 வண்டிக்கானது. நான்கு மாதங்கள் இரண்டையும் மேசையில் வைத்து வேலை செய்தபின் இதை எழுதுகிறேன். இரண்டில் ஒன்று, இதுவரை நான் பூட்டிய ட்ராக்குகளிலேயே மிகச் சிறந்தது. மற்றது வாங்கியிருக்கவே கூடாதது. பட்டறையின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன், ஏனெனில் குறை அச்சிட்டவரின் கைத்திறனில் இல்லை. அந்த வண்டியின் ட்ராக் எந்தப் பொருளால் ஆனது என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்காததில்தான் இருக்கிறது.

போலந்து வண்டியிலிருந்து தொடங்குகிறேன். 'வ்ஸூர்' என்றால் போலிஷ் மொழியில் மாதிரி என்று பொருள். 28 என்பது ஆண்டைக் குறிக்கும். பிரான்சிலிருந்து வரவழைத்த சிட்ரோயன்-கெக்ரெஸ் அடிச்சட்டங்களின் மேல் மெல்லிய கவசக் கூடு ஏற்றி, போலந்துப் படை இவ்வகையில் 90 வண்டிகளைச் செய்துகொண்டது. சிலவற்றில் 37 மி.மீ. பீரங்கி, மற்றவற்றில் இயந்திரத் துப்பாக்கி. உள்ளே மூன்று பேர். மேற்கூடு போலந்துடையது என்றாலும், இந்த வண்டியின் சிறப்பும் சிக்கலும் அடியில் ஓடும் அந்தப் பட்டையில்தான் இருந்தன.

அடோல்ஃப் கெக்ரெஸ் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸின் மோட்டார் கொட்டகையில் வேலை பார்த்த பிரெஞ்சுப் பொறியாளர். பேரரசரின் கார்கள் பனியில் புதையாமல் ஓட வேண்டும் என்பதற்காக, பின்சக்கரங்களின் இடத்தில் இரும்புச் சங்கிலிக்குப் பதிலாக வளையக்கூடிய பட்டை ஒன்றைச் சுற்றிவிட்டார். இவ்வாறு மாற்றிய ரோல்ஸ்-ராய்ஸ் ஒன்று பிற்காலத்தில் லெனினின் பயன்பாட்டுக்கு வந்தது. மாஸ்கோவுக்கு வெளியே கோர்க்கி அருங்காட்சியகத்தில் இன்றும் அது நிற்கிறது. அதே முறையில் ஆஸ்டின் கவச கார்களும் பெட்ரோகிராடின் புட்டிலோவ் ஆலையில் மாற்றப்பட்டு உள்நாட்டுப் போரில் ஓடின. புரட்சிக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பிய கெக்ரெஸ், தொழிலதிபர் ஜாக் ஹின்ஸ்டினோடு சேர்ந்து கார் தயாரிப்பாளர் ஆந்த்ரே சிட்ரோயனிடம் போனார். 1922 டிசம்பர் 17 அன்று அல்ஜீரியாவின் டுக்கூர்த்திலிருந்து புறப்பட்ட ஐந்து சிட்ரோயன் வண்டிகள் சகாராவைக் கடந்து 1923 ஜனவரி 7 அன்று டிம்பக்டுவை அடைந்தபோது, பனிக்காகப் பிறந்த பட்டை மணலிலும் ஓடும் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. பல நாட்டு ராணுவங்கள் அந்த அடிச்சட்டத்தை வாங்கியதற்கு அந்தப் பயணம் தேடித்தந்த புகழும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பட்டை துணி வைத்து வலுவூட்டிய ரப்பரால் ஆனது என்பதே. முழுச் சுற்றும் ஒரே உடல், மூட்டு கிடையாது. உட்புறத்தில் உருளைகளுக்கு நடுவே ஓடி, பட்டை கழன்றுவிடாமல் காக்கும் பற்கள் உண்டு. வெளிப்புறத்தில் மண்ணைப் பிடிக்கும் குறுக்கு வரிகள் உண்டு. அது உருளையைச் சுற்றி வளையும்போது அரைவட்டமாக வளையும், மூலைகள் விழாது. இரும்புச் சங்கிலி தன் எடையில் தொய்ந்து தொங்கும். இழுத்துப் பூட்டிய ரப்பர் பட்டை அப்படித் தொங்காது.

இப்போது பெட்டியைத் திறப்போம். வ்ஸூர் 28க்கான பெட்டிக்குள் பக்கத்துக்கு 46 தனித்தனிக் கண்ணிகள், அதாவது ஒன்றோடொன்று கோக்கும் துண்டுகள், இருந்தன. ஒரே உடலாக இருந்த ரப்பர் பட்டையை 46 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் கொக்கியும் துளையும் வைத்து, 'உண்மையாகவே சுழலும்' என்று மேலட்டையில் பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆம், சுழலத்தான் செய்கிறது. ஆனால் முன்னுருளையைச் சுற்றி வரும் இடத்தில் பட்டை பலகோணமாக முறிந்து முறிந்து திரும்புகிறது; ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் தலைமயிர் அளவு இடைவெளி தெரிகிறது; மேல்வரிசை இரண்டு இடங்களில் மாலை போலத் தொய்கிறது. ரப்பர் பட்டையை மிதிவண்டிச் சங்கிலியாக்கிவிட்டார்கள். இதில் என்னைப் பெரிதும் வருத்தியது, அந்தத் துண்டுகளின் வேலைப்பாடு அத்தனை நேர்த்தியாக இருந்ததுதான். குறுக்கு வரிகளின் விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. உட்பற்களின் சரிவு இருபுறமும் ஒத்திருந்தது. அச்சிடும்போது துண்டைத் தாங்கிய குச்சிகள் ஒட்டியிருந்த தடம் கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தில் மட்டுமே இருந்தது. இவ்வளவு உழைப்பையும் தவறான கேள்விக்கு விடை எழுதுவதில் செலவழித்திருக்கிறார்கள்.

துண்டுகளின் இடைவெளிகளைப் புட்டி எனும் நிரப்புப் பசை வைத்து அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, ஒரே பட்டையாக்கிவிடலாம் என்று ஓர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முயன்றேன். தரையில் படும் நேர்ப்பகுதியில் அது ஓரளவு கைகூடியது. வளைவில் புட்டி வெடித்தது. வெடித்த இடத்தைத் தேய்க்கப் போனபோது குறுக்கு வரி ஒன்று உடைந்து தரைவிரிப்பில் விழுந்தது. அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அத்துடன் அந்த முயற்சியைக் கைவிட்டேன்.

பிறகு, கிட்டோடு வந்த பட்டையையே எடுத்தேன். ஒதுக்கிவைத்த டப்பாவுக்குள் கிடந்த அந்த மென்மையான வினைல் பட்டை, பார்க்க மலிவான பொருள்தான். அச்சுக் கோடு நடுவில் ஓடியது, வரிகள் சற்று மழுங்கியிருந்தன. ஆனால் உருளையைச் சுற்றிப் போட்டவுடன், படங்களில் பார்த்த அதே வளைவு கிடைத்தது. ஒரே உடலான பட்டையை ஒரே உடலான பட்டையால் காட்டுவதைவிட இயல்பானது வேறென்ன இருக்கிறது? மாதிரி செய்பவர்களிடையே 'வினைல் பட்டை என்றால் பொம்மை, தனிக்கண்ணி என்றால் கலை' என்ற எண்ணம் வேரூன்றிப் போயிருக்கிறது. டாங்கிகளைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. கெக்ரெஸ் வண்டிக்கு அதே அளவுகோலைத் தூக்கிவருவது பிழை.

வினைலைச் சரிசெய்ய அதிகம் தேவைப்படவில்லை. அச்சுக் கோட்டைப் புது பிளேடால் சீவினேன். வினைலைத் தேய்த்தால் நார் நாராக எழும்பும் என்பதால் உப்புத்தாளைத் தொடவில்லை. இரு முனைகளும் சேரும் இடத்தைச் சூப்பர் க்ளூவை மட்டும் நம்பி விடாமல், உட்புறமாக மெல்லிய நூலால் இரண்டு தையல் போட்டுவிட்டு, அந்த இடம் கீழே தரையில் படும்படி திருப்பி வைத்தேன். சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, வளையும் தன்மையுள்ள ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் பெயின்ட் பாளம் பாளமாக உரிவதில்லை. என் கிட் ரெசின் எனும் வார்ப்புப் பிசினால் ஆனது என்பதால் ஒரு தொல்லை இல்லாமல் போயிற்று. வழக்கமான பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் கிட்களில் பழைய வினைல் பட்டைகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உருளைகளை மெல்ல உருக்கிவிடும். அத்தகைய கிட்டில் உருளைகளுக்கு நல்ல பெயின்ட் பூச்சு கொடுத்த பிறகே பட்டையைப் போட வேண்டும். நிறத்துக்குக் கறுப்பைத் தவிர்த்து, மங்கிய பழுப்புச் சாம்பலைப் பயன்படுத்தினேன்; புழுதியில் ஓடிய ரப்பர் எங்கும் கறுப்பாக இருப்பதில்லை.

இந்தப் பட்டையின் கதை இன்னும் ஒரு படி போகிறது. போலந்துக்காரர்களுக்கே அது அலுத்துவிட்டது. வண்டி மெதுவாகவே போனது. பட்டைகள் சீக்கிரம் தேய்ந்தன. எனவே 1934 முதல் பட்டைத் தொகுதியைக் கழற்றிவிட்டு, போல்ஸ்கி ஃபியட் லாரியின் பின் அச்சையும் சாதாரணச் சக்கரங்களையும் பூட்டினார்கள். அதுவே வ்ஸூர் 34. 1939 செப்டம்பரில் ஜெர்மன் படையெடுப்பை எதிர்கொண்டவை பெரும்பாலும் இப்படிச் சக்கரத்துக்கு மாறிய வண்டிகள்தான். பட்டையோடு மல்லுக்கட்டி வெறுத்துப்போன மாதிரி செய்பவர் யாராவது இருந்தால், பின் அச்சு ஒன்றைத் தேடிப் பூட்டிவிடலாம். வரலாறு அவர் பக்கம் நிற்கும்.

இரண்டாம் பெட்டிக்கு வருகிறேன். எஸ்.டி.கே.எஃப்.இசட். 251, ஹானோமாக் நிறுவனத்தின் மூன்று டன் இழுவை வண்டியின் அடிச்சட்டத்தில் 1930களின் இறுதியில் உருவாகி, 1939இல் படைக்கு வந்தது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலச் சிந்தனையின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. கெக்ரெஸின் வழிக்கு நேர் எதிரான வழியை ஜெர்மானியப் பொறியாளர்கள் எடுத்தார்கள். அவர்களுடைய ட்ராக் இரும்புக் கண்ணிகளால் ஆனது. ஆனால் டாங்கியில் இருப்பதுபோல வெறும் பின்னைச் செருகி விட்டுவிடவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் நீடில் பேரிங் (ஊசி போன்ற மெல்லிய உருளிகள் கொண்ட தாங்கி), அதற்குக் கிரீஸ், கிரீஸ் வெளியேறாமல் காக்க அடைப்பு. ஒவ்வொரு கண்ணியின் வெளிமுகத்திலும் கழற்றி மாற்றக்கூடிய ரப்பர் மெத்தை. இயக்கு சக்கரத்தில் பற்களுக்குப் பதிலாக உருளிகள். அவை கண்ணியில் உராயாமல் உருண்டு பொருந்தின. உராய்வு எங்கெல்லாம் உண்டாகுமோ அங்கெல்லாம் ஓர் உருளையைச் செருகியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். அதனால்தான் எட்டு டன்னை நெருங்கும் வண்டி நூறு குதிரைத் திறன் எஞ்சினோடு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் ஓட முடிந்தது. அதனால்தான் அதைச் செய்வதும் பராமரிப்பதும் பெரும் செலவாகவும் ஆயின. போரின் பிற்பகுதியில் வந்த கனரக இழுவை வண்டியில் ஜெர்மானியர்களே இந்த ஆடம்பரத்தைக் கைவிட்டு, கிரீஸ் தேவைப்படாத எளிய பின்களுக்குத் திரும்பினார்கள்.

இத்தகைய ட்ராக்குக்குத் தனிக்கண்ணிகளே சரி. இங்கே அந்தப் பட்டறை தன் திறமையை முழுமையாகக் காட்டியிருக்கிறது. உண்மையான கண்ணியின் அகலம் 280 மி.மீ., மூட்டுக்கு மூட்டு இடைவெளி 140 மி.மீ. 1/35 அளவில் அகலம் 8 மி.மீ., இடைவெளி 4 மி.மீ. என்று கணக்கு சுலபமாக முடிகிறது. பத்துக் கண்ணிகளைக் கோத்து, இழுத்துப் பிடித்து வெர்னியர் அளவுகோலை வைத்தேன், 40 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 40.2 வந்தது. கால் மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த மிகையை மூட்டின் தளர்வு என்று விட்டுவிடலாம். அகலம் அச்சொட்டாக 8.

ஒரு கண்ணியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், நடுவில் எழும் வழிகாட்டிப் பல் உள்ளீடற்றதாகவே அச்சாகியிருக்கிறது. பழைய பிளாஸ்டிக் செட்டுகளில் அது கெட்டியான முக்கோணமாகவே வரும். கிரீஸ் அறையின் மூடி ஒரு புள்ளியாகத் தெரிகிறது. ரப்பர் மெத்தையைத் தனித்துண்டாகவே தந்திருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மெத்தைகளை ஒவ்வொன்றாக ஒட்டுவது வதைதான் என்றாலும், பெயின்ட் அடிக்கும்போது அந்த வதைக்குக் கூலி கிடைத்துவிடுகிறது: இரும்பை ஒரு நிறத்திலும் மெத்தையை வேறு நிறத்திலும் தனித்தனியே அடித்துவிட்டுப் பிறகு சேர்க்கலாம். இந்த வண்டிகளின் மாதிரிகளில் நான் அடிக்கடி காணும் பிழை, மெத்தையின் மேல் வெள்ளி நிறத்தை உலர்தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்குவது. ரப்பர் எப்படிப் பளபளக்கும்? தேய்ந்து பளபளப்பது உருளைகள் தொட்டு ஓடும் உட்புறமும் வழிகாட்டிப் பல்லின் பக்கங்களும்தான்.

கண்ணிகளைச் சேர்க்கப் பட்டறை தரும் ரெசின் பின்கள் போதுமானவை, ஆனால் கண்ணாடி போல் நொறுங்குகின்றன. முதல் இருபது மூட்டுகளில் ஆறு பின்களை உடைத்தேன். குறட்டால் பிடித்துத் தள்ளினால் 'டிக்' என்ற ஓசையோடு பாதி உள்ளேயும் பாதி மேசையிலும் கிடக்கும். உள்ளே மாட்டிய பாதியை வெளியேற்ற மெல்லிய ட்ரில் வேண்டும். பிறகு 0.4 மி.மீ. பித்தளைக் கம்பிக்கு மாறினேன். துளையை ஒருமுறை ட்ரில்லால் சுத்தம் செய்துவிட்டால் கம்பி வழுக்கிக்கொண்டு போகிறது, ஓரத்தில் ஒரு துளி பசை போதும். இந்தப் பட்டறையோ வேறு எந்தப் பட்டறையோ, முப்பரிமாண அச்சு ட்ராக் வாங்குபவர்கள் கம்பியையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

குறிப்புத்தாளில் ஒரு தவறு இருக்கிறது. இரு பக்கமும் சம எண்ணிக்கையில் கண்ணிகளைக் கோக்கச் சொல்கிறது. இந்த வண்டியின் உருளைகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குறுக்கே நீள்வதால், இடது உருளைகளும் வலது உருளைகளும் நேருக்கு நேர் அமையாமல் சற்று முன்பின்னாக அமைகின்றன. அதனால் பக்கத்துக்கு ஐம்பத்தைந்தை ஒட்டிய எண்ணிக்கையில், ஒரு பக்கத்துக்கு ஒரு கண்ணி அதிகம் தேவைப்படும். தாளை நம்பிக் கோத்தால் ஒரு பக்கம் கச்சிதமாகவும் மறுபக்கம் வில்நாண் போல இறுக்கமாகவும் வரும். முனைகளைச் சேர்க்க இழுக்கும்போது பின்னால் ட்ராக்கை இறுக்கிப் பிடிக்கும் சக்கரத்தின் அச்சு உடையக்கூடும். பெட்டியில் உபரிக் கண்ணிகள் தாராளமாக இருப்பதால் சேதமில்லை, ஆனால் இதை வாங்குபவர் எண்ணிக்கையை வண்டியின் மேல் வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவுக்கும் ஈடாக, இயக்கு சக்கரங்களையும் சேர்த்தே தந்திருக்கிறார்கள். சுற்றியுள்ள உருளிகள் ஒவ்வொன்றும் தனி உருவம் கொண்டவை. கிட்டின் சக்கரத்தையும் வெளி ட்ராக்கையும் பொருத்த முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். கண்ணி இடைவெளியில் சிறு வேறுபாடு இருந்தாலும் மூன்றாவது உருளிக்குள் பொருத்தம் நழுவிவிடும். இங்கே ட்ராக்கைச் சுற்றிப் போட்டு விரலால் தள்ளியபோது, உருளிகள் ஒவ்வொன்றாகக் கண்ணிகளுக்குள் போய் அமர்ந்தன. மேல்வரிசையைத் தாங்கத் தனி உருளைகள் இந்த வண்டியில் இல்லை. ட்ராக், பக்கவாட்டில் ஒன்றையொன்று பாதி மறைக்கும்படி அடுக்கிய பெரிய உருளைகளின் முதுகிலேயே படுத்து ஓடுகிறது. அந்தப் படுக்கையும், இயக்கு சக்கரத்துக்கும் முதல் உருளைக்கும் நடுவில் விழும் சிறு தொய்வும் பசை எதுவும் இல்லாமல் தாமாகவே அமைந்தன. வினைல் பட்டையால் இதைச் செய்யவே முடியாது.

அமெரிக்க எம்3 ஹாஃப்-ட்ராக் செய்பவர்கள் இந்தப் பட்டறையிடம் தனிக்கண்ணி செட் இருக்கிறதா என்று கேட்பதைப் பார்க்கிறேன். அந்த வண்டி கெக்ரெஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்க ராணுவம் 1931இல் சிட்ரோயன்-கெக்ரெஸ் வண்டியை வாங்கிச் சோதித்ததில் தொடங்கிய வரிசை, 1940இல் எம்2, எம்3 என்று முடிவான வடிவம் பெற்றது. அதன் ட்ராக், எஃகுக் கம்பிவடங்களையும் குறுக்குத் தகடுகளையும் உள்ளே வைத்து வார்த்த முடிவற்ற ரப்பர் பட்டை. அதற்கும் கிட்டில் வரும் ஒற்றைப் பட்டையே பொருத்தம். தனிக்கண்ணி செட் யாராவது விற்றாலும் பணத்தைக் கொட்ட வேண்டாம். சோவியத் பிஏ-10 கவச காரின் பின்சக்கரங்களின் மேல் தேவைப்படும்போது சுற்றிக்கொள்ளும் 'ஓவரால்' இரும்புச் சங்கிலி வேறு விஷயம். அதற்குத் தனிக்கண்ணிதான் வேண்டும், அதுவும் பாதி நேரம் சுருட்டி மட்கார்டின் மேல் வைக்க வேண்டியிருக்கும் என்பதால் நெகிழ்வான மூட்டு இருந்தால் நல்லது.

விலை குறைவில்லை. அஞ்சல், சுங்கம் எல்லாம் சேர்த்துப் பெட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ மூவாயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. அந்தப் பணத்தில் நல்ல பிளாஸ்டிக் கிட் ஒன்றே வாங்கலாம். பொதியமைப்பு நன்றாகவே இருந்தது: கண்ணிகள் தாங்கிக் குச்சிகளோடு சிறு நுரைத்தட்டில் பதிந்து வந்தன, நூற்றுக்கணக்கானவற்றில் உடைந்தவை மூன்றே. 251 பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம், இன்னொரு வண்டி செய்தால் நானும் வாங்குவேன். வ்ஸூர் 28 பெட்டியைப் பற்றிப் பட்டறைக்கு எழுதினேன். தனிக்கண்ணி என்று போட்டால்தான் விற்கிறது என்று மிகப் பணிவாகப் பதில் வந்தது. உடைந்த அந்தக் குறுக்கு வரி தரைவிரிப்பில் கிடக்கிறது. அவர்கள் அனுப்பிய 92 துண்டுகளும் உதிரிப் பெட்டியில் இருக்கின்றன. போலந்து வண்டி தன் வினைல் பட்டையோடு அலமாரியில் நிற்கிறது.